யாரால் என்கிற கட்டம்

எங்கள் விளையாட்டில் பிழை தெரிவிப்பதற்கு ஒரு படிவம் வைத்திருந்தோம். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எந்த வெளியீட்டில் நடந்தது என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: ‘யாருடைய மாற்றத்தால்?’ அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பியதில்லை. நிரப்பினால் சண்டை வரும் என்று எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்து சேர்ந்த ஒருவர் மட்டும்தான் நிரப்புவார். ஒவ்வொரு முறையும் தன் பெயரையே எழுதுவார்.

முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டேன். வேலியைத் தாண்டிக் கோழிகள் ஓடிவிடுகின்றன என்று ஒரு புகார். எழுதியவர் அவர். திருத்தத்தையும் அவரே கூடவே அனுப்பியிருந்தார். கடைசிக் கட்டத்தில் அவர் பெயர். அந்தப் பிழையோ மூன்று வருடப் பழசு. அவர் எங்கள் குழுவில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

“அண்ணா, இது நீங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த பிழை. உங்க பேரை ஏன் போட்டீங்க?” என்று கேட்டு எழுதினேன்.

பேசுகிற மாதிரியே எழுதுவார். “நேத்தே பாத்தனுங்க அம்மிணி. பாத்துப்போட்டு நாளைக்குப் பாக்கலாமுன்னு உட்டுட்டனுங்க. அப்ப நேத்தையிலிருந்து அது என்னுதுதானுங்களே?”

விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கட்டைகளால் ஆன உலகம் அது. மண், கல், மணல், தண்ணீர், மரம் எல்லாமே சதுரக் கட்டை. வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம், கால் போன போக்கில் அலையலாம். இலவசம். நிரல் முழுக்கத் திறந்து கிடக்கும். பிடிக்காத ஒன்றை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். தமிழில் விளையாடுகிறவர்களுக்காக நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு சர்வரும் ஓர் ஆட்டத் தொகுப்பும் நடத்திக்கொண்டிருந்தோம். வருகிற திருத்தங்களைப் படித்துப் பார்த்து உள்ளே சேர்க்கிற அனுமதி நான்கு பேருக்கு இருந்தது. அதில் நான் ஒருத்தி. சேலம் டவுனில் அத்தாவின் ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்ப்பேன். இடையில் கிடைக்கிற நேரத்தில் இது. அவர் வந்த ஒரு வருடத்தில் அவரையும் ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டோம். அவ்வளவு சுத்தமான கை.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இருபது வருடம் போர் வண்டியில் டிரில்லராக ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். பிறகு அதை விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஸ்பேர்ஸ் கடை கவுண்டரில் உட்கார்ந்தார். கம்ப்ரஸர் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. போனில் பேசினால் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அதனாலேயே எழுதுவதை விரும்பினார் என்று நினைக்கிறேன். கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் லேப்டாப்பில் தோண்ட ஆரம்பித்தாராம். தோண்டிக்கொண்டே போனபோது பாறைக்கு அடியில் தண்ணீர் இருக்கிற விதம் தப்பாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார்.

அவருடைய மாற்றக் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. ‘கதவு இரண்டு தடவை திறந்து மூடியது. என் கவனக்குறைவு. சரிசெய்தாயிற்று.’ ‘மழையில் விளக்கு அணையவில்லை. முன்பே பார்த்திருக்க வேண்டும். மன்னிக்கவும்.’ எனக்கு நேர் எதிரான ஆள். தப்பை ஒப்புக்கொள்வது என்றால் எனக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அதனால் அவரைக் கண்டால் பிடிக்கும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

ஒரு தடவை நாமக்கல்லில் ஒரு மெஸ்ஸில் குழுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். திரையில் பெயரை மட்டும் பார்த்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சாக்கு. மேட்டூர் அனல் மின் நிலையக் குடியிருப்பிலிருந்து வந்த பையன்கள் நான்கு பேர் ஒரே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எனக்கு எதிரில். வெள்ளைச் சட்டை, கை மடிப்பில் பேனா. பரிமாறுகிறவர் ரசத்தை அவர் மடியில் கொட்டிவிட்டார். கொட்டியவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவர் எழுந்து நின்று, “நாந்தானுங்க கைய நீட்டிப்போட்டேன், நீங்க போங்க சாமி” என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மேட்டூர்ப் பையன்களில் மூத்தவன், “அண்ணா, இந்த வருசம் மழை இல்லையே, அதுவும் நீங்கதானா?” என்று கேட்டான். அவரும் சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டு டீக்கடைக்கு நடந்தோம். வழியில் சாக்கடை மூடி ஒன்று விலகிக் கிடந்தது. எல்லாரும் சுற்றிக்கொண்டு போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் அவரைக் காணவில்லை. அங்கேயே நின்று காலால் அந்தச் சிமெண்ட் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளி முடித்து மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்தார்.

“யார் எடுத்தாங்களோ, விடுங்கண்ணா” என்றேன்.

“அதானுங்க அம்மிணி” என்றார். “யாருன்னு தெரியாமப் போறதுதான் மோசம்.” முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை. எனக்கு என்னவோ போல இருந்தது. டீ ஆறிவிடும் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனேன்.

அந்த மாதமே ஒரு மாற்றம் அனுப்பினார். ஒற்றைக் கட்டை அகலத்தில் யாராவது ஆழமாகக் குழி வெட்டிவிட்டு அப்படியே போய்விட்டால், அதன் வாயில் தானாகவே ஒரு சின்னப் பலகை முளைக்கும். அதில் வெட்டியவரின் பெயர் இருக்கும். மூடினால் பலகை போய்விடும். வேறு எதுவும் இல்லை.

விளையாடுகிறவர்கள் குதித்தார்கள். எதிரிக்கு ஒளிவிடம் காட்டிக் கொடுக்கிறது, அழகைக் கெடுக்கிறது என்று நாற்பது செய்தி. நானும் எதிர்த்தேன். “குழி வெட்டுவதுதான் இந்த விளையாட்டு. விழுந்தால் அது விழுந்தவர் பாடு” என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் அங்கே போய்ப் படிக்கலாம். இரண்டு நாள் கழித்து அவர் பதில் போட்டார்: “சரிங்க. வேணுங்கறவங்க மட்டும் போட்டுக்கற மாதிரி மாத்தித் தர்றேன்.” அப்படியே மாற்றித் தந்தார். போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே விஷயத்தைப் பற்றி நாலைந்து சின்னத் திருத்தங்கள் இருந்தால், உள்ளே சேர்க்கும்போது எல்லாவற்றையும் அழுத்தி ஒன்றாக்கிவிடுவோம். பட்டியல் பார்க்கச் சுத்தமாக இருக்கும். தொடங்கியவர் பெயர் நிற்கும். நடுவில் கை வைத்தவர்கள் பெயர் போய்விடும். தண்ணீர் ஓட்டத்தில் ஒரு சின்னத் திருத்தத்தை அவர் தொடங்கியிருந்தார். ஏழு வரி. அதைப் படித்தபோது எனக்கு உற்சாகம் பிறந்து மேலும் நாற்பது வரி சேர்த்தேன். பாதி உயரமுள்ள அரைக்கட்டைகளுக்கு அடியில் இருக்கிற இடைவெளியில் தண்ணீர் புகுந்து ஓட வேண்டும் என்பது என் எண்ணம். நிஜத்தில் அப்படித்தானே. புதிதாக ஓர் உலகத்தை உருவாக்கிச் சோதித்துப் பார்த்தேன், அழகாக ஓடியது. ஏற்கெனவே எல்லாரும் கட்டி வைத்திருந்த பழைய உலகத்தில் சோதிக்கவில்லை. அழுத்தி ஒன்றாக்கிச் சேர்த்துவிட்டேன்.

மேட்டூர்ப் பையன்கள் எங்கள் சர்வரில் ஓர் அணை கட்டியிருந்தார்கள். எட்டு மாத வேலை. மதகு, மேலே சாலை, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், கீழே ஓர் ஊர். அணையின் சுவர் முழுக்க அரைக்கட்டை. சர்வரைப் புதுப்பித்த அன்று காலையில் அணையின் ஒவ்வொரு சுவரிலிருந்தும் தண்ணீர் கசிந்தது, பிறகு கொட்டியது. மத்தியானத்துக்குள் கீழே இருந்த ஊர் முழுகிவிட்டது. வயல் போனது, ஆடு மாடு போனது, பெட்டிகளில் வைத்திருந்த சாமான்கள் மிதந்து காணாமல் போயின. நகல் எடுத்து வைக்கிற ஏற்பாடு பல வாரமாக வேலை செய்யவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பக் கொடுக்க எதுவும் இல்லை.

குழுவில் தீப்பிடித்தது. மூத்தவன் எழுதினான்: “யாருங்க இதைப் பண்ணது? பேரைச் சொல்லுங்க.” விரல்களைத் தட்டச்சுப் பலகை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டியலைத் திறந்து பார்த்தால் அவர் பெயர்தான் தெரியும், என் பெயர் தெரியாது என்பது எனக்கு நினைவு வந்தது. நினைவு வந்தது என்று சொல்வதும் பொய். அதுதான் முதலில் தோன்றியது.

பத்து நிமிடத்தில் அவர் எழுதிவிட்டார். “நாந்தானுங்க. பழைய உலகத்துல வெச்சுப் பாத்திருக்கணும். பாக்கலீங்க. மன்னிச்சுப்போடுங்க சாமிகளா.”

அன்று சாயங்காலமே அவரிடமிருந்து அனுமதியை எடுத்துவிட வேண்டும் என்று ஓட்டு விட்டார்கள். நான் ஓட்டுப் போடவில்லை. எடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது, விளையாட்டுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

போர் வண்டிகள் வரிசையாக நிற்கிற ஒரு சாலையில் அவருடைய கடை. கவுண்டருக்குப் பின்னால் அலமாரி நிறைய பேரிங், வாஷர், பல் தேய்ந்த டிரில் பிட்டுகள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க அம்மிணி, சொல்லாம கொள்ளாம வந்திருக்கறீங்க” என்று முகமெல்லாம் மலர டீ சொல்லி அனுப்பினார். டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“அண்ணா, அணை உடைஞ்சது உங்களால இல்ல. நான் எழுதின வரிகளால. உங்களுக்கே தெரியும்.”

“தெரியுமுங்க.”

“பின்ன ஏன் ஒத்துக்கிட்டீங்க? நான் இன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“வேண்டாமுங்க” என்றார் அவசரமாக. “அது எம்பேருலயே கெடக்கட்டும். எடுத்துப்போடாதீங்க.”

ஏன் என்று நான் கேட்டதும் கவுண்டரில் இருந்த ஒரு வாஷரை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே சொன்னார். பாதி சொல்வார், யாராவது சாமான் கேட்டு வருவார்கள், எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மீதியைச் சொல்வார்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஆத்தூருக்குக் கிழக்கே ஒரு குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளி விளைகிற நிலத்தில், போர் போட்டிருக்கிறார்கள். அறுநூறு அடி போயும் தண்ணீர் இல்லை, காய்ந்த கல்தூள்தான் புகையாக வந்தது. மேல்மண் சரியாமல் இருக்க முதல் நாற்பது அடிக்குக் கேசிங் பைப் இறக்குவது வழக்கம். தண்ணீர் வராத குழியில் பைப் எதற்கு வீணாக என்று காட்டுக்காரர்கள் அதைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பதும் வழக்கம். பைப்பை உருவிவிட்டால் குழியின் வாய் ஒரு குழந்தை இறங்குகிற அளவுக்கு அகலமாகிவிடும். அதுவும் எல்லா டிரில்லருக்கும் தெரியும்.

“காட்டுக்காரரு எடுத்துக் குடுங்கன்னாரு. நாந்தான் உருவினேன். முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. சாக்குல மண்ணக் கட்டி வாயில வெச்சு, மேல ஒரு கல்லத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த பாயிண்ட்டுக்குப் போயிட்டோம். அடுத்த மழைக்கு மண்ணு எறங்கிருச்சு போல.”

குழிக்குள் ஒரு குழந்தை விழுந்துவிட்ட செய்தியை வடக்கே ஏதோ ஓர் ஊரில் டீக்கடை டிவியில்தான் பார்த்திருக்கிறார். படத்தில் அந்தக் காட்டு மோட்டார் ரூமின் இடிந்த சுவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. காட்டுக்காரரின் மகள். ஐந்து வயது. எடுத்தபோது உயிர் இல்லை.

“போலீசு வரும், கேட்டா சொல்லிப்போடலாமுன்னு இருந்தனுங்க. வரலீங்க. வண்டி புடிச்சுக் குடுத்த ஏஜெண்ட்டு பில்லே போடலை, எங்க பேரு எழுத்துல எங்கயுமில்லை. பேப்பருல ‘அடையாளம் தெரியாத ரிக் வண்டி’ன்னு வந்துச்சு. அதுலயேதான் இத்தன வருசமா இருக்கறனுங்க அம்மிணி. அங்கதான் எம்பேரை யாரும் எழுதலை, இங்கயாச்சும் எழுதிக்கலாமுன்னு…” வாஷரைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். “உங்க வெளையாட்டுல எல்லா வரிக்கும் ஆரு எழுதுனாங்கன்னு இருக்குதுங்களே. அது எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு.”

எனக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது. என் தப்பை வாங்கித் தன் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் நான் எதையும் விடுகிற ஆள் இல்லை. பிழை என்று ஒன்று இருந்தால் திருத்தம் என்று ஒன்று இருக்கும் என்பதுதான் என் புத்தி.

“அப்போ போய்ச் சொல்லிடலாம்ணா” என்றேன். “அவங்ககிட்டயே.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “தனியாப் போற தைரியம் இல்லீங்களே. நாலு தடவ ஆத்தூர் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டனுங்க.”

“நான் வர்றேன்.”

அடுத்த வாரம் போனோம். ஆத்தூரில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் என்ன சொல்ல வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். காடு பச்சையாக இருந்தது. கிழங்குச் செடி இடுப்பளவு. ஒரு மூலையில் மட்டும் பத்துக்குப் பத்து இடத்தில் எதுவும் நடாமல் வெறுமண்ணாக விட்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

காட்டுக்காரர் வரப்பிலிருந்து எங்களைப் பார்த்தார். கிட்டே வரும்போதே அவருடைய நடை மாறிவிட்டது.

“நீங்க அந்த டிரில்லர்தானே” என்றார். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு எங்களை மோட்டார் ரூமுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். “எதுக்கு வந்தீங்க?”

“சொல்லிப்போட்டுப் போலாமுன்னுங்க. நாந்தான் அந்தப் பைப்பை…”

“எனக்குத் தெரியாதா? உருவச் சொன்னதே நான்தான்.” குரல் கிசுகிசுப்பாக இருந்தது. “நீங்க வேணாம்னீங்க. ரெண்டு வாட்டி சொன்னீங்க. இருக்கட்டுங்க, மேல மூடி போட்டுக்கலாம்னீங்க. நான்தான் கேக்கல.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கடையில் இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் பொண்டாட்டிக்குத் தெரியாது” என்றார் காட்டுக்காரர். “எனக்குத் தெரியாம ரிக்காரனுங்க உருவிட்டுப் போயிட்டானுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா அவ என்னோட ஒரு நாள் இருக்க மாட்டா. கும்பிட்டுக் கேக்கறேன், போயிடுங்க.”

கும்பிடவும் செய்தார். அதற்குள் வீட்டிலிருந்து அந்த அம்மா சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆள் வந்திருக்கிறார்களே என்று தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்தார். “யாருங்க, கெழங்கு பாக்க வந்தீங்களா?”

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். காது மந்தமானவர், மெதுவாகப் பேச வராது. காடு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

“ரிக் வண்டிங்க தாயி. அன்னிக்குப் பைப்பை உருவினது நாந்தானுங்க. உங்க ஊட்டுக்காரரு வேண்டாமுன்னுதான் சொன்னாரு. அவரு அந்தப் பக்கம் போனப்ப நானே உருவி வண்டில போட்டுக்கிட்டனுங்க.”

பொய் என்று மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். நான் இரண்டாவது முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்த முறை எது சரி என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த அம்மா சொம்பைக் கீழே வைத்தார். தண்ணீர் சிந்தாமல் நிதானமாக வைத்தார். பிறகு கேட்டார்: “உம் பேரு என்னா?”

அவர் சொன்னார். தன் பெயர், அப்பா பெயர், ஊர். மூன்றையும் சொன்னார். அந்த அம்மா பெயரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், மறந்துவிடக் கூடாது என்பது போல. பிறகு குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினார். “நீ நல்லா இருப்பியா? உன் வம்சம் வெளங்குமா?” என்று பெயரைச் சொல்லிச் சொல்லித் தூற்றினார். அவர் தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டார். துடைக்கவில்லை. காட்டுக்காரர் மோட்டார் ரூம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். யார் அழுதார்கள், யார் அழவில்லை என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. நான் அழுதேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். காட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வந்து, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டு, என்னிடம் நம்பர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஆத்தூரிலிருந்து சேலம் வரைக்கும் அவர் தூங்கினார். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி அப்படி ஒரு தூக்கம். தலைமுடியில் செம்மண். அதைத் தட்டிவிடலாமா என்று நினைத்தேன். கை போகவில்லை.

அன்று சாயங்காலமே குழுவில் எழுதினேன். அணையை உடைத்தது என் நாற்பது வரி, அவருடையது இல்லை, தெரிந்தே மறைத்தேன் என்று எழுதினேன். ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் அனுமதியை எடுத்தார்கள். அவருக்குத் திரும்பத் தருவதாகச் சொன்னார்கள். அவர் அந்தச் செய்திக்குப் பதில் போடவே இல்லை.

எனக்கு மட்டும் போன் செய்தார். “உங்களுதை நீங்களே எடுத்துக்கிட்டீங்களாக்கு. நல்லதுங்க அம்மிணி” என்றார். “எனக்கு இனி அது வேண்டியதில்லீங்க.” அப்புறம் வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார். குரல் லேசாக இருந்தது. அதைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். ஏதோ ஒன்றைச் சரிசெய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த மாதம் ஸ்பேர்ஸ் கடையை விட்டுவிட்டு ஒரு போர் வண்டியோடு வடக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். திரும்பவும் டிரில்லராகவே. பழைய நம்பர் போகவில்லை. எங்கள் விளையாட்டுப் பக்கம் அதன் பிறகு வரவில்லை. அவர் சரிசெய்தவை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கோழிகள் வேலிக்குள் இருக்கின்றன. மழை பெய்தால் விளக்கு அணைகிறது.

அவரிடமிருந்து போன் வரவில்லை. காட்டுக்காரரிடமிருந்து வருகிறது. மாதம் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை. முதலில் காட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். பிறகு, “அவரு நம்பர் எதுனா கெடைச்சுதாம்மா?” என்று கேட்பார். இல்லை என்பேன்.

போன வாரம் வைத்துவிடாமல் பேசினார்.

“முன்னல்லாம் அவ அந்தப் பேச்சையே எடுக்க மாட்டா. நானும் எடுக்க மாட்டேன். அப்படியே ஓடிடுச்சு. இப்ப அவளுக்கு ஒரு பேரு கெடைச்சிடுச்சு. தெனம் சோறு போடும்போது அந்தப் பேரச் சொல்லிச் சபிக்கறா. அவர அனுப்பி வையுங்கம்மா, வந்து, அன்னிக்கு அவரு சொன்னது பொய்யின்னு அவரே சொல்லட்டும். எனக்கு வாய் வரமாட்டேங்குது.” மோட்டார் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. “அவ சபிக்கச் சபிக்க, எதிர்ல உக்காந்து தின்னுக்கிட்டுதாம்மா இருக்கேன்.”